மணி ஒப்புக்கொள்ளாத பட்டங்கள்

கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தமிழ் ஆங்கிலிக்கன் ஆலயத்தில், யாராவது 'விகார்' என்று சொன்னால் கோபுர மணி தானாக ஒருமுறை அடித்தது. ஜெயசீலன் புதிய விகாராக, அதாவது சபைக் குருவாக, பொறுப்பேற்ற ஞாயிறன்றே இது தொடங்கியது. முதலில் குரங்குகளைச் சந்தேகித்தார்கள். பிறகு, ஆலய நிர்வாகத்தைக் கவனிக்க விகாரே பார்த்து நியமித்த வார்டன் ராஜனை. ராஜன் ரோஷத்தில் கயிற்றை அறுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதன்பின் சந்தேகம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த ஜெயசீலன் நிஜமாகவே குருப்பட்டம் வாங்கியவர்தானா என்று, ஆராதனை முடிந்து மீ ஹூன் சாப்பிடும்போது எல்லோரும் கிசுகிசுத்தார்கள்.

மற்றவர்களுக்கு அது வெறும் வம்பு. சபை மக்கள் தேர்ந்தெடுத்த வார்டன் மலர்விழிக்கு அப்படியல்ல. அவர் கணவர் தம்புசாமி ஆயுள் முழுக்க முருகனைக் கும்பிட்டவர். மனைவி போகிற இடத்துக்கே தானும் போக வேண்டும் என்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெயசீலனிடம் ஞானஸ்நானம் கேட்டு வாங்கிக்கொண்டு செத்துப்போனார். கொடுத்தவர் போலி என்றால் தம்புசாமி இப்போது எங்கே இருக்கிறார்? மலர்விழிக்குச் சோறு இறங்கவில்லை. கோலாலம்பூருக்குப் போய்ப் பேராயரிடமே முறையிட்டார்.

விசாரிக்க, பேராயருக்கு அடுத்தபடியான ஆர்ச்டீக்கன் வந்தார். ராஜன் 'வெனரபிள்' என்று அவருக்குரிய பட்டத்தைச் சொல்லி அழைத்து மாலை போட்டார், மணி அடித்தது. ஆர்ச்டீக்கன் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டார். பிறகு பேராயரே வந்தார். பட்டத்தோடு வரவேற்றபோது மணி இன்னும் பலமாக அடித்தது. அவர் பெரிய மனசுக்காரர், கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புகார் சொல்பவர் யார் என்று கேட்டார். மலர்விழி எழுந்து, "மலர்விழி, மக்கள் வார்டன்" என்றார். மணி அடித்தது. சபையில் பாதிப் பேருக்கு உள்ளூரச் சந்தோஷம். மீதிப் பேர் தங்கள் பொறுப்புகளை நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள்.

நின்ற இடத்திலேயே மலர்விழிக்குக் கண் கலங்கியது. ஜெயசீலன் பக்கத்தில் வந்தார்.

"ஆன்டி, எனக்குப் பட்டம் குடுத்தப்ப ஒண்ணுமே தெரியல லா. அங்கிள் தலைல தண்ணி ஊத்துனப்பதான் என் கை நடுங்கிச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

'ஃபாதர்' கத்தோலிக்கர்களின் சொல் என்று அந்தச் சபையில் யாரும் வாயில் எடுப்பதில்லை. அழுகையில் மலர்விழிக்கு அதுதான் வந்தது.

"அவரு நல்லபடியா போய்ச் சேந்துட்டாரா, ஃபாதர்?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மணி அசையவில்லை. விசாரணை அத்தோடு முடிந்தது.

இப்போது அறிவிப்புப் பலகையில் பெயர்கள் மட்டும்தான். பூச்சோங்கிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்கள் விவரம் தெரியாமல் 'ரெவரெண்ட்' என்பார்கள், மணி அடிக்கும், சமையல்காரர்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டார். மலர்விழி மட்டும் ஞாயிறுதோறும் ஜெயசீலனை வாசலில் நிறுத்தி 'ஃபாதர்' என்று கூப்பிடுகிறார். மணி அடிக்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.