நாலாவது ஆல்பத்தின் கிட்டார்

அண்ணன் கூப்பிட்டானே என்றுதான் அவள் போனாள். பல்செட் செய்யும் லேபில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு இசைத்தட்டுக் கடையின் மாடிக்கு ஏறியபோதே உள்ளே அனல் பறந்துகொண்டிருந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால் அண்ணன் கிட்டாரும் அவள் கீபோர்டும் வாசித்த ராக் குழு. ஒரு பாட்டே கால்மணி நேரம் ஓடும், நடுவில் நாலு தடவை தாளம் மாறும், அந்த ரகம். முதல் மூன்று ஆல்பத்தையும் தலையில் வைத்துக் கொண்டாடிய ரசிகர்கள் நாலாவதைக் காலில் போட்டு மிதித்தார்கள். குழுவும் கலைந்தது. இன்று அதே ரசிகர்கள் இங்கே கூடி, அந்த நாலாவதை முழுசாகக் கேட்டுவிட்டு ஆளாளுக்குக் கருத்துச் சொல்கிறார்கள். அண்ணன் மேடையில். அவள் கடைசி வரிசையில். அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு," என்றார் ஒரு கணக்கு வாத்தியார். கொல்லென்று சிரிப்பு.

"எல்லாம் அந்தக் கீபோர்டு பண்ண வேலை. கொழகொழன்னு எல்லாத்து மேலயும் ஊத்தி வச்சிருக்கா," என்றாள் ஒரு நர்ஸ். "ரெண்டாவது பாட்டு நடுவுல போய் துணி காயப்போட்டுட்டு வந்தேன். அதே இடத்துலதான் நிக்குது!"

அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். "என்ன செய்யறது? தங்கச்சி பிடிவாதம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

எவ்வளவோ சொன்னானாம்! என்ன சொன்னான் அவன்? ஆல்பத்தின் அட்டையில் யார் பெயர் முதலில் வருவது என்று டிரம்ஸ்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு, பதிவு நடந்த பதினோரு நாளும் ஸ்டுடியோ பக்கமே தலைகாட்டவில்லை. அவன் பங்கையும் கீபோர்டிலேயே வாசித்து ஒப்பேற்றியது அவள். 'வெளிய சொல்லாதடி, அவன் மானம் போயிடும்' என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டதால் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

அப்போது ஒரு பஸ் டிரைவர் எழுந்தார். "ஆனா ஒண்ணு. மூணாவது பாட்டுல வர்ற கிட்டார் சோலோ. அதுக்காகவே இந்தக் கருமத்தை முழுசா பொறுத்துக்கலாம். சார் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்!"

கைதட்டல். அண்ணன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

"அதை வாசிச்சது நான்," என்று அவள் எழுந்தாள். "கீபோர்டுல."

எல்லாத் தலையும் திரும்பியது. "உக்காரு," என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

"நீங்க யாரும்மா?" என்றாள் நர்ஸ்.

"அந்தக் கொழகொழ."

மூலையில் விற்பனைக்கு ஒரு கீபோர்டு இருந்தது. "வாசிங்க பார்ப்போம்," என்றார் வாத்தியார். அவள் உட்கார்ந்தாள். முதல் இரண்டு வரி தடுமாறியது. பிறகு விரல்களுக்கு வழி தெரிந்துவிட்டது. இடது கையால் ஓரத்துச் சக்கரத்தை உருட்டிச் சுரத்தை வளைத்து, இழுத்து, கிட்டார் அழுவதைப் போலவே அழவைத்தாள். அதேதான். இல்லையென்று ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை.

டிரைவர் முகம் சிறுத்துப்போனது. "அப்போ அதுவும் போலியா? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து இத்தனை வருஷம் என்னை முட்டாளாக்கி இருக்கீங்க!" கையிலிருந்த இசைத்தட்டை நாற்காலியில் எறிந்துவிட்டு இறங்கிப் போனார்.

"இருந்த ஒரு நல்லதையும் கெடுத்தாச்சு," என்று நர்ஸ் முணுமுணுத்தாள்.

ஒரே ஒரு நல்ல வார்த்தையாவது வரும் என்று அவள் நினைத்திருந்தாள். வரவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

திங்கட்கிழமை ரசிகர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் விஷயத்தைப் போட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே வசவு மழை. இந்தத் தடவை பாதி அண்ணனுக்கு. மதியம் அவனிடமிருந்து போன் வந்தது.

"பொய் சொன்னேன்னு எழுதிக் கொடு. அவங்க போட்டதை எடுக்கச் சொல்றேன்."

"நான் சொன்னது உண்மைதானே அண்ணா?"

"உண்மையை வச்சு நீயே அழு. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே."

"சரி," என்று போனை வைத்தாள். செய்துகொண்டிருந்த கடைவாய்ப்பல்லை மறுபடி கையில் எடுத்தாள். போனை எடுத்த அவசரத்தில் அது கோணலாகத் தேய்ந்துபோயிருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு, புதுசாக ஒன்றைச் செய்ய ஆரம்பித்தாள்.