மேலே ஏறிய மண்ணெண்ணெய்

நீர்வேலிப் பஞ்சலிங்கத்தின் பழைய உழவு இயந்திரத்தில் மண்ணெண்ணெய் கீழிருந்து மேலே ஓடத் தொடங்கியது, வாழைக்குலை விலை விழுந்திருந்த ஒரு தை மாதத்தில். புதிதாகப் பூட்டிய தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் அதை எல்லாரும் கண்ணால் கண்டார்கள். மேலே இருக்கும் எண்ணெய்த் தாங்கியிலிருந்து ஒழுங்காக இறங்கும். பாதி வழியில் எதையோ மறந்துவிட்ட ஆளைப் போல நிற்கும். பிறகு விறுவிறென்று ஏறித் தாங்கிக்குள்ளேயே போய் இருந்துவிடும். ஊரார் வந்து பார்த்தார்கள், பிறகு வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார்கள்.

பஞ்சலிங்கத்தால்தான் அப்படிப் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை மகள் கீர்த்திகாவுக்குக் கல்யாணம். கோயிலுக்குப் போனால் அந்த மிசினில்தான் போவேன், காரில் ஏறமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாய் நின்றாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, சண்டைக்குப் பயந்து வலிகாமமே வெளிக்கிட்டு ஓடிய மழையில், குடும்பத்தைத் தென்மராட்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். பிறகு கொட்டிலில் கோழி அடைகாக்கக் கிடந்ததைப் பஞ்சலிங்கம் ஒரு வருடமாகக் குந்தியிருந்து திருத்தி, சிவப்புப் பெயின்ற் அடித்து, பூரிப்பில் தாங்கியை முட்ட முட்ட நிரப்பினார். நிரப்பிய அன்றுதான் சனியன் பிடித்தது.

தாங்கி மூடியின் காற்றுத் துவாரத்தை ஊசியால் குத்திப் பார்த்தார். எண்ணெய் வடிகட்டும் வடியைக் கழுவினார். குழாயை வாயால் ஊதி, நாவில் மண்ணெண்ணெய் பட்டு, அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. "ஐயோ, கல்யாணத்துக்கு முதல் உந்த மனிசன் பத்தப்போகுது" என்று மனைவி பூரணம் வீட்டு நெருப்புப்பெட்டிகளை எல்லாம் எடுத்து ஒளித்தாள்.

வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது. மைத்துனர் ஏரம்பு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காரைக் கொண்டுவந்து படலையடியில் விட்டிருந்தார். குருநகரில் படகு எஞ்சின் திருத்தும் வின்சன்ற், கல்யாணத்துக்கு வந்தவர், வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொழுவிவிட்டுக் காபரேற்றரைப் பிரித்தார். வாழையிலையில் பரப்பித் துடைத்து, திரும்பப் பூட்டினார். மண்ணெண்ணெய் மரியாதையாக இறங்கி வந்து, மரியாதையாகத் திரும்பிப் போனது.

"அண்ணை, பழுது ஒண்டுமில்லை. உது எண்ணெயை ஒளிச்சு வைக்குது," என்றார் வின்சன்ற். "பாதை பூட்டி எண்ணெய் வராத தடைக் காலத்திலை உதுக்கு எவ்வளவு ஊத்தினனீங்கள்?"

"அரைப் போத்தில். அதுவும் கிடைச்சால். ஸ்ரார்ட் பண்ணப் பிள்ளை பால் குடிச்ச சூப்பிப் போத்திலாலை நாலு சொட்டுப் பெற்றோல்."

"பிறகென்ன? இப்ப முட்ட ஊத்தினால் அது செலவழிக்குமே? பத்திரப்படுத்தத்தானே பாக்கும்."

பஞ்சலிங்கம் தலையில் கை வைத்தார். பூரணம் உள்ளே போய் அந்தச் சூப்பிப் போத்தலை எடுத்து வந்தாள். இத்தனை வருடமும் அவள் அதை எறியவே இல்லை. கல்யாணச் சேலையோடு இறங்கி வந்த கீர்த்திகா அந்தப் போத்தலால் எஞ்சினுக்குள் பெற்றோலைச் சொட்டவிட்டு, தாங்கியில் உள்ளங்கையை வைத்தாள். தனக்கு முதலே வீட்டுக்கு வந்தது என்பதால் சின்ன வயதிலிருந்தே அதை அவள் அண்ணை என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணை, பாதை திறந்தாச்சு. தடையும் இல்லை, சண்டையும் இல்லை. நான் வளந்திட்டன், இண்டைக்கு எனக்குக் கல்யாணம். இனி எனக்கெண்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். வாங்கோ, போவம்."

மண்ணெண்ணெய் இறங்கியது. பாதியில் நின்றது. பிறகு இறங்கிக்கொண்டே போனது. இயந்திரம் இருமி, புகைத்து, வளவுக் கோழிகளைக் கலைத்துவிட்டுக் கிளம்பியது. பஞ்சலிங்கம் அழுதுகொண்டே ஓட்டினார். பின்பெட்டியில் இருந்து நாதஸ்வரக்காரர் கன்னம் வீங்க ஊதியும் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஏரம்பு வெறுங்காரோடு பின்னால் வந்தார்.

இப்போது அது வாழைத்தோட்டம் உழுகிறது, ஒரு குறையும் இல்லை. நிரப்பும்போது யாராவது, பாதை திறந்த செய்தியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அடியில் அரைப் போத்தல் மட்டும் என்ன செய்தாலும் இறங்காது. அதையும் இறக்க வேண்டும் என்று பஞ்சலிங்கம் ஒருநாள் அடி ஆணியைக் கழற்றும் சாவியோடு போனார். பூரணம் விடவில்லை. அவளுடைய அரிசிப் பானைக்குப் பின்னாலும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் இருக்கிறது.