கைராசிக்காரர்

உச்சி வெயில் நேரத்தில் கூடத்து லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, குந்தவை டீச்சர் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள் தங்கமணி. தகர ஷீட் போட்ட வீடு. ஸ்க்ரூ போட்ட இடத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தால்கூட வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்துவிடும். ஒரு மூலை விடாமல் பார்த்தாள். கழுத்து வலித்ததுதான் மிச்சம், ஒரு பொட்டுகூட இல்லை.

தன் வீட்டுக்கு ஷீட் போட ஆள் தேடி அவள் பார்க்கிற நான்காவது வீடு இது. குடவாசல் பக்கம் ஷீட் போடுகிறவர்களுக்கா பஞ்சம்? ஏணி ஒன்றும் டிரில்லிங் மெஷின் ஒன்றும் இருந்துவிட்டால் ஆள் காண்ட்ராக்டர், பையில் விசிட்டிங் கார்டு. முதலில் பார்த்த வீட்டில் சாமி அறைக்குள் பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டே "வேலை அருமைங்க" என்றார் வீட்டுக்காரர். அப்புறம் விசாரித்தால் போட்டது அவருடைய மச்சினனாம். மச்சினனை விட்டுக்கொடுக்க முடியுமா, வாளியை வைத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார் மனுஷன். டீச்சர் வீட்டுக்குப் போட்டவர் பெயர் இர்பான். அவரையே வரச்சொல்லிவிடலாம் என்று தங்கமணி அங்கேயே முடிவு பண்ணினாள்.

அவசரம் அவளுக்கு. போன மழையில் பின்கட்டு ஓடு பாதி சரிந்து இறங்கிவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அவள் புருஷன் பஞ்சநதம் மஸ்கட்டில் இருந்தார். போன் பண்ணினால், "ஒனக்குத் தெரியாததா, நீயே பாத்து முடிச்சுடு" என்று கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு பெரிய மனசு பண்ணினார். மகள் வானதிக்கு வளைகாப்பு வைக்க இன்னும் இருபது நாள்தான் இருந்தது. வளையல் போட்ட கையோடு தலைப்பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வர வேண்டும். அதுவும் சும்மா வந்த கர்ப்பமா? மூன்று வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, ஒன்று தங்காமல் கலைந்துபோய், பிறகு வந்தது. சம்பந்தியம்மா மதுரம் போனில் நயமாகத்தான் சொன்னாள்: "ஒழுகற வீட்டுல புள்ளைய எப்படிங்க படுக்க வைப்பீங்க? முடியலைன்னா சொல்லிடுங்க, நாங்களே இங்க பாத்துக்கறோம்." அன்று ராத்திரி தங்கமணிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற மகளுக்குத் தலைப்பிரசவம் பார்க்க வக்கில்லாதவள் என்று பேர் வாங்குவதைவிடக் கேவலம் உண்டா?

மறுநாள் இர்பான் வந்தார். நாற்பது வயது இருக்கும். சுவர்மேல் ஏறி, சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். ரஸ்க்கில் இறங்குவதுபோல இறங்கியது.

"மரமெல்லாம் கரையான் தின்னுடுச்சுக்கா. இரும்பு பைப் வச்சுத்தான் ஷீட்டு ஏத்தணும். பத்து நாளாவும்."

"பத்து நாளா? மத்தவங்க அஞ்சு நாளுங்கறாங்களே தம்பி."

"தூறல் விழுந்தா நான் ஆளை மேல ஏத்த மாட்டேங்க்கா. இடுப்புல கயிறு கட்டாமயும் யாரையும் ஏறவிட மாட்டேன். அதான் நாளாவுது." டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "இன்னொண்ணு. வேற யார் மூலமாவும் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். வைகாசில, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துல, என் வேலையில ஒரு ஆளு ஈர ஷீட்டுல வழுக்கி விழுந்து எறந்துட்டாரு. தப்பு என்னோடதுதான். இந்தக் கயிறெல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்."

தங்கமணி டீ கொடுத்தாள். யார் இப்படி வாய்விட்டுச் சொல்வார்கள்? நம்பலாம் என்றால் இந்த மனிதரைத்தான் நம்பலாம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஒரு சாவு பட்ட கை. அந்தக் கை போட்ட கூரைக்குக் கீழே வானதி படுக்க வேண்டும், பச்சைப்பிள்ளையை அங்கேதான் கிடத்த வேண்டும். பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் பயம் போய்விடுமா?

"அவங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி."

இந்தப் பதிலை எத்தனை வீட்டில் கேட்டிருப்பாரோ, இர்பான் முகம் மாறவில்லை. "சரிக்கா. யாரை வச்சுச் செஞ்சாலும் கயிறு கட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வானதியிடம் போனில் சொன்னபோது, "அவரையே வச்சுக்கலாமேம்மா. மறைக்காம சொல்லியிருக்காரே" என்றாள்.

"நீ சும்மா இரு. வயித்துப்புள்ளைக்காரி இதெல்லாம் காதுலயே வாங்கக் கூடாது."

அடுத்து வரச்சொன்ன காண்ட்ராக்டர் தமிழரசன் உள்ளூர்க்காரன்தான். எலுமிச்சம்பழம், சூடம் சகிதம் வந்து, வாசலில் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏணியையே இறக்கினான். "நம்மளது ராசியான கைக்கா. பன்னெண்டு வருஷம் ஆச்சு, ஒரு ஆளுக்கு நகம் பேந்ததில்ல. அஞ்சே நாள்ல முடிச்சுடறேன், தைரியமா வளைகாப்புக்குச் சொல்லி அனுப்புங்க." அந்தப் பேச்சைக் கேட்க அவளுக்கு இதமாக இருந்தது. டீச்சர் வீட்டில் செய்ததுபோல இவன் போட்ட கூரை ஒன்றையாவது லைட்டை அணைத்துப் பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

பழைய ஓட்டைப் பிரித்து, பைப்பை நிறுத்துவதற்குள் அடிக்கடி மழை வந்து வேலையை நிறுத்தியது. அஞ்சு நாள் ஒன்பது நாளானது. பத்தாம் நாள் காலையிலிருந்தே பொசுபொசுவென்று தூறல். மேலே இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ராஜ்குமார் என்பவன் ஒல்லியாக, அதிகம் பேசாதவனாக இருந்தான். தண்ணீர் கேட்கும்போது மட்டும் "அக்கா" என்பான். ஒருநாள் தங்கமணி வடை கொடுத்தபோது ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை மகளுக்கு என்று பேப்பரில் மடித்து வைத்துக்கொண்டான்.

தங்கமணி வாசலில் நின்று பார்த்தாள். ராஜ்குமார் பாதத்துக்குக் கீழே நீல ஷீட் ஈரத்தில் பளபளத்தது.

"தூறுதே தமிழு. கயிறு கியிறு ஏதாச்சும் கட்டக் கூடாதா?"

"கயித்தைக் கட்டி அவுத்துக்கிட்டு இருந்தா தீவாளிக்குத்தான்க்கா முடியும். இன்னிக்கு விட்டா மழை புடிச்சுக்கும். ஒங்களுக்கு எட்டு நாள்தானே இருக்கு?"

எட்டு நாள். அவள் மனசுக்குள் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். இறங்கச் சொல்லு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பார்கள். வீடு அவளுடையதுதானே? சொல்லவில்லை. அரிசி களைய உள்ளே போய்விட்டாள். கையில் சட்டியோடு நின்றபோது, கொல்லையில் நெல்மூட்டையைப் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். துவைக்கிற கல்மேல் முதுகு பட மல்லாந்து கிடந்தான் ராஜ்குமார். கண் திறந்துதான் இருந்தது. "கால் எங்கக்கா இருக்கு?" என்று கேட்டான்.

ராஜ்குமாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது தமிழரசன் முன்சீட்டிலிருந்து திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆஸ்பத்திரில கேட்டா தென்னமரத்துலேருந்து விழுந்துட்டான்னு சொல்லிடுங்கக்கா. வேலையிலன்னு சொன்னா போலீஸ் வரும், ஒங்க வீட்டைத்தான் எழுதுவாங்க. ஆளு விழுந்த வீடுன்னு சம்பந்திக்குத் தெரிஞ்சா வானதிய அனுப்புவாங்களா, நீங்களே சொல்லுங்க." எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று பாவி தெரிந்து வைத்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, "ஏடிஎம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று போனவன் போனவன்தான். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

ராஜ்குமார் பெண்டாட்டி பொன்னுத்தாய் நடவு வயலிலிருந்து அப்படியே வந்திருந்தாள். முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. அழவில்லை, யாரைப் பார்த்தாலும் கும்பிட்டாள். சின்ன வயது டாக்டரம்மா ராஜ்குமாரின் கால் கட்டைவிரலை ஊசியால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையை அசைத்தான். பிறகு ஊசிமருந்தில் கண் செருகிவிட்டது. டாக்டரம்மா நோட்டைத் திறந்தார்.

"எங்கேருந்து விழுந்தாரு?"

"எனக்குத் தெரியாதுங்கம்மா. இந்த அக்காதான் கூட இருந்தாங்க. சொல்லுங்கக்கா" என்றாள் பொன்னுத்தாய்.

இரண்டு பேரும் தங்கமணியையே பார்த்தார்கள். உண்மை தொண்டைவரை வந்தது. கூடவே வானதியின் வயிறும், சம்பந்தியம்மா மதுரத்தின் நயமான குரலும் வந்தன. கடவுளே, இந்தப் பாவம் என் பிள்ளை தலையில் விடியக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"தென்னமரம்."

"எவ்வளவு உயரம்?"

"பெரிய மரம்தாங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"அவருக்கு மரம் ஏறத் தெரியாதேக்கா" என்றாள் பொன்னுத்தாய். கோபமாகச் சொல்லவில்லை. தவறாகச் சொன்ன பெயரைத் திருத்துவதுபோல மெதுவாகச் சொன்னாள்.

தங்கமணி சுவரைப் பார்த்தாள். பொன்னுத்தாய் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். புருஷனுடைய வலது கையை எடுத்து, மடங்கியிருந்த விரல்களைப் பிரித்தாள். ஷீட்டைத் துளைபோடும்போது தெறிக்கும் இரும்புச் சீவல்கள், ஒரு பக்கம் நீலப் பெயிண்டோடு, சுருள் சுருளாக உள்ளங்கையில் ஒட்டியிருந்தன. நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததைக் கீழே போடாமல் முந்தானையை விரித்து, அதில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.