சாட்சி விடுவிக்கப்படும் வரை

அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு சர்வதேச ஆர்பிட்ரேஷன் நடத்துகிறேன் என்றால் ஹைகோர்ட் கேன்டீனில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கடைந்த இரும்பு ஷாஃப்ட் ஜெர்மனி வரைக்கும் போகலாம், அது உடைந்தால் வழக்காட வக்கீல் மட்டும் ஹைகோர்ட் இருக்கும் பாரிமுனையிலிருந்துதான் வர வேண்டுமா? பதினோரு வருஷம் பெரிய ஆபீஸ்களில் கோப்பு சுமந்தவள் நான், அதில் நான்கு வருஷம் சிங்கப்பூரில். திரும்பி வந்து, எஸ்டேட் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பேட்டரி கடை மாடியில் போர்டு மாட்டினேன்: த. அகல்யா, வழக்கறிஞர். வீடு மேனாம்பேடு, ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். என் வேலை எனக்குத் தெரியும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

வேலை இதுதான். இரண்டு நாட்டு வியாபாரிகள் சண்டை போட்டால், உன் ஊர் கோர்ட்டும் வேண்டாம், என் ஊர் கோர்ட்டும் வேண்டாம் என்று மூன்று நடுவர்களை உட்காரவைத்துத் தீர்த்துக்கொள்வார்கள். அந்த மூவர் முன்னால் ஒரு தரப்புக்காக நான் பேசுவேன்.

கோகுல்நாத்தின் வழக்குதான் நான் தலைமையேற்று நடத்திய முதல் வழக்கு. ஜெர்மனியில் விவசாய இயந்திரம் செய்யும் கம்பெனிக்கு அவர் ஷாஃப்ட் அனுப்பினார். வயலில் இறங்கி ஆறே மாதத்தில் அவை உடைய ஆரம்பித்தன. “உலையில் சரியான சூட்டில் பதம் பண்ணவில்லை” என்றார்கள் அவர்கள். “பதமெல்லாம் சரி, உங்கள் இயந்திரம்தான் தாங்காத சுமையை ஏற்றுகிறது” என்றோம் நாங்கள். எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் உலையின் லாக் புக். அரை மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் கையால் எழுதியது. அதை நடுவர்கள் நம்பினால் ஜெயிப்போம். நம்பாவிட்டால் கோகுல்நாத் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அறுபது பேருக்கு வேலை போகும்.

அந்த லாக் புக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருந்தது. பெரும்பாலும் உலைக்குப் பொறுப்பாளரான ஹாஜா மொய்தீனுடையது, பூந்தமல்லிக்காரர். நடுநடுவே வேறொரு கை. “பின்னால் உட்கார்ந்து திருத்தி எழுதியிருக்கிறார்கள், எல்லாம் போலி” என்று எதிர்த்தரப்பு எழுதியே கொடுத்துவிட்டது. அந்த இன்னொரு கையை நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டேன். பன்னிரண்டு வருஷம் என் ராங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட கை அது. என் அப்பா தட்சிணாமூர்த்தி. அதே உலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

காலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகப் பார்த்தேன். அப்பா எழுதிய இருபத்திமூன்று நாளில் இருபத்திரண்டு வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை. ஹாஜா பாய் ஜும்மா தொழுகைக்குப் போகும் நேரம். அவருக்குப் பதிலாக அப்பா நின்றிருக்கிறார். போலி எழுதுகிறவன் தொழுகை நேரம் பார்த்தா எழுதுவான்? துள்ளிக் குதித்தேன். ஒரே ஒரு நாள் மட்டும் புதன்கிழமை. அன்று காலை ஒன்பதிலிருந்தே அப்பாவின் எழுத்து.

“நைனா, இந்தப் புதன்கெழம இன்னா?” என்று அப்பாவைக் கேட்டேன்.

“பாய் அன்னிக்கு இல்ல போல. மூணு வருசம் ஆயிப்போச்சு, யாருக்கு ஞாபகம் கீது?”

வேறு சாட்சியாக இருந்தால் துருவித் துருவி எடுத்திருப்பேன். அப்பா என்பதால் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது, வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

விசாரணை வீடியோவில் நடந்தது. சிங்கப்பூர் நேரம் என்பதால் எங்களுக்குக் காலை ஏழு மணிக்கே ஆரம்பம். சாட்சி என் அப்பா என்று நடுவர்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கவில்லை. என் ஆபீஸின் பின்னறையில் அப்பா, ஒரு மொழிபெயர்ப்பாளர், யாரும் ஜாடை காட்டாமல் பார்த்துக்கொள்ள எதிர்த்தரப்பு அனுப்பிய ஓர் அம்மா. முன்னறையில் கோகுல்நாத்தும் நானும், திரையில் அப்பாவைப் பார்த்தபடி. சாட்சியைக் கேள்வி கேட்பது எதிர்த்தரப்பு வக்கீல். அவர் முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க முடியாது. என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும்.

அந்த வக்கீல் நரைத்த ஆங்கிலேயர், குரலையே உயர்த்த மாட்டார். அப்படிப்பட்டவர்கள்தான் ஆபத்து. வெள்ளிக்கிழமைகளைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார். அப்பா அசராமல் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் “வெப்பநிலை” என்றதும் “டெம்பரேச்சரத்தான கேக்குறாரு?” என்று உறுதிசெய்துகொண்டு பதில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு, நடுவர்களின் அனுமதியோடு, திரையில் ஒரு தமிழ் நாளிதழின் துண்டு வந்தது. ‘நாளைய மின்தடை.’ பராமரிப்புப் பணி, அம்பத்தூர் எஸ்டேட், காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை. தேதி அந்தப் புதன்கிழமை. எங்கிருந்து தேடிப் பிடித்தாரோ மகானுபாவர்.

“அன்று உங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. ஆனால் உலையில் எண்ணூற்று நாற்பத்தைந்து டிகிரி என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. எப்படி ஐயா?”

அப்பா மாத்திரை டப்பாவை எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் மறுபடி கேட்டார். டப்பாவின் மூடியை அப்பாவால் திறக்க முடியவில்லை. சர்க்கரைக்காரர், காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை. நடுவர் குழுவின் தலைவர் சிங்கப்பூர்க்கார அம்மையார், அதைக் கவனித்துவிட்டார். “இன்றைக்கு நிறுத்திக்கொள்வோம். பதிலை நாளைக் காலை கேட்கலாம். அதுவரை சாட்சி இந்த வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது. முக்கியமாக, தன் தரப்பு வழக்கறிஞரிடம்” என்றார். எதிர் வக்கீலும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பதில் எங்கேயும் ஓடிவிடாது என்று அவருக்குத் தெரியும்.

திரை அணைந்த மறு நிமிஷம் கோகுல்நாத் என் பக்கம் திரும்பினார். “மேடம், அப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஜெனரேட்டர்ல ஓட்டுனோம்னு சொல்லட்டும்.”

“உங்க ஜெனரேட்டர்ல அந்த உலை ஓடுமா?”

“ஓடாது. ஆனா சிங்கப்பூர்ல கீறவங்களுக்கு அது எப்படித் தெரியும்?”

“இன்னொரு வாட்டி இதச் சொன்னீங்கன்னா வேற வக்கீலப் பாத்துக்கோங்க.” கத்திவிட்டேன். பாவம், அறுபது குடும்பத்துக்காகக் கேட்கிற மனுஷன். ஆனால் எனக்கு அப்போது யார்மேலாவது கத்த வேண்டியிருந்தது.

அப்பாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போனேன். ஒரே வீடு, அப்பா அம்மா கீழே, நான் மாடியில். அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், டிவி ஓடவில்லை. நான் நேரே அடுக்களைக்குள் போனேன்.

“இன்னாடி கூத்து இது?” என்று அம்மா பிடித்துக்கொண்டாள். ராணி என்று பெயர், பெயருக்கேற்ற அதிகாரம். “அப்பனும் பொண்ணும் ஒரே ஊட்ல கீறீங்க, மூஞ்சத் திருப்பிக்கினு போறீங்க?”

“பேசக் கூடாதும்மா. சட்டம்.”

“பொல்லாத சட்டம்! சோத்தத் தொடாம குந்திகினு கீறாரு அந்த மனுசன். சரி, நான் போய் இன்னான்னு கேட்டுகினு வந்து உன்னாண்ட சொல்றேன். நான் பேசலாமில்ல?”

“யாரு கேட்டாலும் நான் கேட்டாப்புலதான். வுடும்மா.”

“அப்ப நீயே கேட்டுத் தொலையேன். இங்க எவன் பாக்கப் போறான்?”

அதுதான் விஷயம். எவனும் பார்க்கப் போவதில்லை. பத்தடி தூரத்தில் அப்பா. ஒரு கேள்வி, ஒரு பதில், முடிந்தது. கேட்க வேண்டிய அன்று செல்லம் கொஞ்சிவிட்டு, கேட்கக் கூடாத அன்று துடித்துக்கொண்டிருந்தேன். அப்பா தன் வாயால் பொய்க்காரர் என்று பட்டம் வாங்கப் போகிறாரா, இல்லை பதற்றத்தில் புதிதாக ஒரு பொய்யை அடுக்கப் போகிறாரா? எதுவானாலும் அதைத் திரையில் பார்த்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட என்மேல் வந்தது.

மாடிப்படி ஏறும்போது அப்பா வாயைத் திறந்தார். “வண்டிக்குப் பெட்ரோல் போட்டியா?”

“போட்டேன் நைனா.”

அன்றைக்கு நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏழு மணி. மொழிபெயர்ப்பாளர் நேற்றைய கேள்வியை வார்த்தை மாறாமல் திரும்பக் கேட்டார். அப்பா சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

“கரண்டு இல்ல சார். பர்னஸ் ஓடவே இல்ல.”

“அப்படியானால் இந்த எண்கள்?”

“நான் எழுதுனது. பொய்.”

என் பக்கத்தில் கோகுல்நாத் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“மறுநா ஆடிட்டுக்கு ஆளு வரதா இருந்துச்சு” என்றார் அப்பா. “கரண்டு இல்லன்னு பாய் ஊட்டுக்குப் போயிட்டாரு. பக்கம் காலியா கெடந்துச்சு. காலியா இருந்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்களேன்னு மொத நாளு பக்கத்தப் பாத்து அப்பிடியே எழுதிட்டேன். கரண்டு இல்லன்னு ரெண்டு வார்த்த எழுதியிருந்தா முடிஞ்சுது. புத்தி இல்ல சார். ஆனா அன்னிக்கு உள்ள சரக்கு ஒண்ணும் கெடையாது.”

எதிர் வக்கீல் அத்தோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் அன்றே தொலைந்தோம். ஜெயித்துவிட்ட ருசி அவரை விடவில்லை. “பொய் எழுதத் தெரிந்தவர் நீங்கள். வெள்ளிக்கிழமை எண்களை மட்டும் நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?” என்றார். எதிர்த்தரப்பு சாட்சியிடம் ‘ஏன்’ என்று மட்டும் கேட்காதே என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பெரிய வக்கீலுக்கும் அடி சறுக்கும்.

“என்ன நம்ப வேணாம் சார். பாய நம்புங்க. தொழுதுட்டு வந்தார்னா மொதல்ல மீட்டரப் பாப்பாரு. அப்பால ஒரு பீஸ எடுத்து கெட்டியா கீதான்னு சோதிப்பாரு. மனசுக்கு ஒப்புனாத்தான் நான் எழுதுனதாண்ட பென்சில்ல ஒரு டிக் போடுவாரு. ஒப்பலன்னா போட மாட்டாரு. அந்தப் புதன்கெழமப் பக்கத்தயும் பாருங்க.”

அந்தப் புத்தகத்தை நூறு தடவையாவது புரட்டியிருப்பேன். பென்சில் கீறல்களைப் பார்த்திருக்கிறேன். அழுக்கு என்று நினைத்திருக்கிறேன். பெரிய வக்கீலாம் நான்!

அசல் புத்தகத்தைக் கேமரா முன்னால் காட்டச் சொன்னார் தலைவர். எதிர்த்தரப்பு அனுப்பிய அந்த அம்மாவே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். வெள்ளிக்கிழமை, டிக். அடுத்த வெள்ளி, டிக். இருபத்திரண்டு வெள்ளிக்கும் இருந்தது. புதன்கிழமைப் பக்கத்தைக் கேமராவுக்கு மிக அருகில் கொண்டுவந்தார். ஒன்றுமே இல்லை.

“மறு விசாரணை உண்டா? உங்கள் சாட்சியிடம் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று என்னைக் கேட்டார் தலைவர். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதிய பதினான்கு கேள்விகள் என் கையில் இருந்தன.

“இல்லை” என்றேன்.

தலைவர் அப்பாவை உடனே விடவில்லை. அடுத்த சாட்சி ஹாஜா பாய். விதிப்படி அவர் எதையும் கேட்காத இடத்தில் காத்திருந்தார். அவரை வரவழைத்து, அந்தப் பக்கத்தைக் காட்டி, இங்கே மட்டும் ஏன் டிக் இல்லை என்று தலைவரே கேட்டார்.

ஹாஜா பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. “எப்பிடிங்க போடுவேன்? அன்னிக்கு பர்னஸே ஓடல. மறுநா வந்து பாத்தா, பக்கம் பூரா எழுதி வெச்சிகினு நிக்கிறான் தட்சிணா. என் பர்னஸ்ல பொய் எழுதுறியாடான்னு கேட்டேன். நாலு நாளு அவன்கூட டீ குடிக்கல!”

மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். எதிர் வக்கீல் பேனாவை மூடினார். “இரு சாட்சிகளும் விடுவிக்கப்படுகிறார்கள்” என்றார் தலைவர்.

தீர்ப்பு வர ஐந்து மாதம் ஆனது. ஜெயித்தோம். தனக்கு எதிரான உண்மையை மறைக்காத சாட்சி என்று அப்பாவைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தார்கள். கோகுல்நாத் மாங்காட்டில் அம்மனுக்குப் புடவை சாத்திவிட்டு வந்தார். ஜெர்மனியிலிருந்தே இரண்டு கம்பெனிகள் இப்போது என் கட்சிக்காரர்கள். அதெல்லாம் இருக்கட்டும். அன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

மைக்கை அணைத்துவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன். சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில். “நான் மொதல்லயே கேட்டேனே நைனா! என்னாண்ட ஏன் சொல்லல? யாரோ ஒரு வெள்ளக்காரன் கேட்டா சொல்லுவ, பெத்த பொண்ணு கேட்டா சொல்ல மாட்டியா?”

“அவன் யாரோ, பாப்பா. பொய் எழுதுனவன்னு நெனச்சிக்கினு போறான், எனக்கின்னா? நாளைக்கு அவன் மூஞ்சில நான் முழிக்கப் போறதில்ல.” அப்பா மாத்திரை டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “உன் மூஞ்சில முழிக்கணுமே.”

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நேத்து சாயங்காலம் நீ வந்து கேட்டுடுவியோன்னு பயந்துகினே இருந்தேன்” என்றார். “கேட்டிருந்தா உன்னாண்ட மறுக்காவும் பொய்தான் சொல்லியிருப்பேன். அப்பால அதையே அங்கயும் சொல்லியிருப்பேன். நல்லவேள, நீ கேக்கல.”

எதிர்த்தரப்பு அனுப்பிய அந்த அம்மா இன்னும் நாற்காலியில்தான் இருந்தார், ஹாஜா பாயும் வாசலில் நின்றார். இருந்தால் என்ன, அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.