ஜெயித்தவர் பூட்ஸ்

சித்தப்பாவோடு நாலு வருஷம் ஒரே படகில் போனேன். இரண்டு பேர் ஓட்டுகிற பந்தயப் படகு. அவர் சுக்கானைப் பிடிப்பார், நான் முன்பாயை இழுப்பேன். காற்று ஓங்கிப் படகு சாயும்போது இரண்டு பேரும் ஒரே விளிம்பில் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து முதுகை வெளியே சாய்க்க வேண்டும். சித்தப்பா காற்று வருகிற பக்கம் பார்த்துத்தான் துப்புவார். அது எங்கே வந்து விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிருக்காகப் போடுகிற ரப்பர் உடுப்புக்குள்ளேயே அவர் சிறுநீர் கழிப்பதும் எனக்குத் தெரியும். என் தொடைப் பக்கம் திடீரென்று சூடு ஏறும். அந்த ஒரு நிமிஷம் மட்டும் என்னைத் திட்டாமல் இருப்பார்.

நான் அழுக்குக்கு முகம் சுளிக்கிறவள் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்தவள். காலையில் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். ரத்தம் ஒரு தொட்டி, மலம் ஒரு தொட்டி, வெறும் வியர்வை ஒரு தொட்டி என்று பிரித்துப் போடுவேன். நோயாளி வேண்டுமென்று செய்வதில்லை. அதனால் எனக்குக் குமட்டியதே இல்லை. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் குமட்டும்.

படகு கிளப்பின் கொட்டகைக்குப் பின்னால் புல்லுக்குள் ஒரு சின்ன கேட்டமரான் கிடந்தது. நம் கட்டுமரத்திடம் கடன் வாங்கிய பெயர். ஆனால் அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. பிளாஸ்டிக்கில் இரண்டு ஒல்லி மிதவைகள், அவற்றை இணைக்க முன்னும் பின்னும் இரண்டு அலுமினியக் குழாய்கள், நடுவே உட்கார இறுக்கிக் கட்டிய வலை, ஒரே பாய். ஒரே ஒரு ஆள் ஓட்டுவது. ரிப்பேர் பண்ணத் தெம்பிருந்தால் எடுத்துக்கொள் என்றார்கள். ஆறு மாதம் ஞாயிறு தவறாமல் தேய்த்தேன், விரிசலை அடைத்தேன்.

சித்தப்பா ஒருநாள் வந்து நின்று பார்த்தார்.

"என்னை அம்போன்னு விட்டுட்டுப் போறியா?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"யாரு கத்துக்குடுத்தது உனக்கு?"

"நீங்கதான் சித்தப்பா."

"அப்புறம்?"

அப்புறம் என்ன சொல்வது? தொடை சுடுகிறது என்றா சொல்ல முடியும்?

"போ, போ. தனியா நடுக்கடல்ல கவிழ்ந்து கிடப்பே பாரு, அப்போ தெரியும் என் அருமை."

முதல்முறை தனியாகப் போனபோது ஒரு மிதவை தண்ணீரைவிட்டு எழும்பி, மற்றதன் மேல் படகு சீறிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் யாரும் இல்லை. யாருடைய மூச்சும் என் கழுத்தில் படவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். இனி சாகும்வரை இதில்தான் என்று முடிவு செய்தேன்.

கரைக்கு வந்ததும்தான் விஷயம் புரிந்தது. தண்ணீரில் அந்தப் படகுக்கு ஒருத்தி போதும். தரையில் இரண்டு பேர் வேண்டும். இறக்கும்போது தானே வழுக்கிப் போய்விடும்; ஏற்றும்போது சக்கரத்தில் வைத்தாலும் தண்ணீரிலிருந்து கொட்டகைக்குப் போகிற சரிவு செங்குத்து, பாசி வேறு. ஒரு பக்கத்து மிதவையைப் பிடித்து ஒருத்தி இழுத்தால் படகு திரும்பிக்கொண்டு வழுக்கும். அதற்காகவே ஒற்றையாள் படகுக்காரர்கள் ஒரு குழுவாக இருந்தார்கள். பதினோரு பேர். ஒவ்வொரு படகும் கரைக்கு வரும்போது ஏற்கெனவே வந்தவர்கள் இறங்கிப்போய் மறுபக்கத்தைப் பிடிப்பார்கள். குழுவுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். நரைத்த மார்பு, பளபளவென்ற பல், எல்லோர் தோளிலும் கைபோட்டுத்தான் பேசுவார்.

"வாம்மா, வா! நம்ம ஜாதி நீ. கூட ஒருத்தன் உட்கார்ந்தா நமக்கு ஆகாது, இல்லையா?" என்று என் தோளிலும் போட்டார்.

அவர்கள் உடைமாற்றும் அறைக்குள் அன்றுதான் போனேன். நாலு பேர் நிற்கக்கூடிய அறையில் பதினோரு பேர். ஆணியில் தொங்குகிற ரப்பர் உடுப்புகள் சொட்டுகின்றன. தரையில் தலைமயிர், மணல், யாரோ வெட்டிப்போட்ட நகம். ஒரே துண்டு கைமாறிக் கைமாறி எல்லோர் முகத்தையும் துடைக்கிறது. ஜன்னலில் மூச்சுக்காற்று ஆவியாகப் படிந்து வழிகிறது. அந்த நெரிசலில் நின்றுகொண்டு, "தனியா இருக்கிற சுகம் இருக்கே..." என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்புறம் கைதட்ட ஆரம்பித்தார்கள். "பூட்ஸ்! பூட்ஸ்!"

புதிதாக வருகிறவர் அன்றைய பந்தயத்தில் ஜெயித்தவரின் ரப்பர் பூட்ஸில் ஊற்றிக் குடிக்க வேண்டும். பீரோ சோடாவோ, அது அவரவர் இஷ்டம். பூட்ஸ் மட்டும் கட்டாயம். அன்று ஜெயித்தது டாக்டர். உட்கார்ந்து, காலை நீட்டி, சளக்கென்று கழற்றினார். உள்ளே இருந்த தண்ணீரை ஓர் உதறு. சோடா பொங்கி நுரைத்தது. நுரையின் மேல் ஒரு பழைய பிளாஸ்திரி மிதந்து வந்தது.

டாக்டர் அதை விரலால் எடுத்துச் சுவரில் ஒட்டினார். "பயப்படாதே, என்னுதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பாங்க் அக்காவும் சிரித்தாள்; பாங்கில் வேலை, குழுவில் என்னைத் தவிர ஒரே பெண். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கும்மா. நாங்கல்லாம் குடிக்கலையா?"

எனக்குப் பத்துப் பேர் பார்க்கும்போது மூச்சு விடவே வராது. மாட்டேன் என்று சொல்ல வாய் திறக்க வேண்டும். அதைவிடக் குடிக்க வாய் திறப்பது எளிதாக இருந்தது. குடித்தேன். இளஞ்சூடாக, உப்பும் ரப்பரும் ஊறிய காலும் சேர்ந்து தொண்டையில் இறங்கியது. கொட்டகைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தேன். திரும்பி வந்தபோது நாலு பேராகப் பிடித்து என் படகை மேலே கொண்டுவந்திருந்தார்கள். காகிதம் மாதிரி தூக்கினார்களாம்.

அப்படி எட்டு மாதம் ஓடியது. வாரம் முழுக்கத் தொட்டியும் விரிப்பும், ஞாயிறு கடல். கரைக்கு வந்தால் மறுபக்க மிதவையில் எப்போதும் ஒரு கை இருந்தது. அந்தக் கைக்காக அறைக்குள் போய் மூலையில் நின்று, அதே துண்டால் முகம் துடைத்து, அதே பேச்சுக்குச் சிரித்துவிட்டு வருவேன்.

காற்று செத்துப்போன ஒரு ஞாயிறு, நான் ஜெயித்தேன். பெரிய உடம்புக்காரர்கள் எல்லாம் கண்ணாடி போன்ற தண்ணீரில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். என் கனம் அவர்களில் பாதி. பின்னால் யாரும் கத்தாததால், எங்கேயோ ஒரு கோடு போலக் கறுத்த தண்ணீரைப் பார்த்து அங்கே போனேன். அங்கே மட்டும் காற்று இருந்தது. இரண்டரை மணி நேரம். மூன்றாவது சுற்றில் அடக்க முடியாமல் உடுப்புக்குள்ளேயே போனேன். சூடாகக் காலோடு இறங்கிப் பூட்ஸில் தேங்கியது. எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன்.

அன்று குழுவுக்கு ஒரு புது ஆள் வந்திருந்தார். கணக்கு வாத்தியார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் ஓடி ஓடி மிதவை பிடித்தார். என் படகுக்கும் அவர்தான் வந்தார். "ரொம்பப் பிரமாதமா ஓட்டுனீங்க மேடம்" என்றார். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் மனிதர்.

அறைக்குள் டாக்டர் என் கையைப் பிடித்துத் தூக்கினார். "இன்னிக்கு யாரு பூட்ஸ்?"

"பாப்பா பூட்ஸ்! பாப்பா பூட்ஸ்!"

என்னை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாத்தியார் முன்னால் வந்து நின்றார். சோடா பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். எனக்குள் ஒரு குறுகுறுப்பு ஓடியதை மறைக்க விரும்பவில்லை. படித்த மனிதர், தலை நரைத்தவர், என் காலில் ஊறியதைக் குடிக்கப் போகிறார், நான் பார்க்கப் போகிறேன். கை தானாகப் பூட்ஸின் விளிம்புக்குப் போயிற்று. அந்தக் கையைப் பார்த்ததும் முதல் நாளைவிட மோசமாகக் குமட்டியது.

"வேண்டாம்" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"கழட்ட மாட்டேன்."

"கால் வலிக்குதா?" என்றாள் பாங்க் அக்கா.

"இல்ல. மாட்டேன்."

டாக்டர் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். பல்லுக்கு நடுவே பிஸ்கட். "நீ குடிச்சே. அக்கா குடிச்சாங்க. நான் இருபது வருஷம் முன்னாடி குடிச்சேன். செத்தா போயிட்டேன்?"

வாத்தியார் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார். "நான் ரெடிங்க. எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல."

"வேண்டாம் சார்."

"ஏன் மேடம்? எனக்குக் குடுக்க மனசில்லையா? இவங்க எல்லாரும் குடிக்கலாம், நான் மட்டும் ஆகாதா?"

அவர் கண் கலங்கியே விட்டது. வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொன்னேன். "அதுல மூத்திரம் இருக்கு சார்."

 டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எல்லார் பூட்ஸ்லயும்தாம்மா இருக்கு! என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி!"

சுவர் அதிரச் சிரித்தார்கள். வாத்தியாரின் முகம் வெளுத்தது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் அவரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. டாக்டர் தன் பூட்ஸைக் கழற்றி நீட்டினார். வாத்தியார் இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். குடிக்கும்போது பூட்ஸின் குதிகாலுக்கு மேலாக என்னையே பார்த்தார். நீ தராவிட்டால் என்ன, பார்த்தாயா, என்கிற பார்வை. மோவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்து நக்கினார்.

நான் எழுந்து வெளியே வந்தேன். 

அடுத்த ஞாயிறு பந்தயம் முடிந்து கரைக்கு வந்தேன். இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வந்த படகுகளெல்லாம் மேலே போயின. வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் ஓடிவந்தார். என் பக்கத்தில் வரும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாங்க் அக்கா துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். "ஒரு சாரி சொல்லிடேன்மா. நல்ல மனுஷங்கதான்."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? சும்மா சொல்லு. சொல்லிட்டா அத்தோட போச்சு." என் மறுபக்க மிதவையை ஒருமுறை பார்த்தாள். துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. போய்விட்டாள்.

சித்தப்பா தன் படகைக் கழுவி முடித்துவிட்டு வந்தார். "கேள்விப்பட்டேன். அடுத்த வாரத்திலிருந்து என் படகுக்கு வா. இப்பவே வந்து பிடிக்கிறேன்."

இருபது நிமிஷமாகத் தண்ணீரில் நின்று கால் மரத்திருந்தது. சரி என்றால் ஐந்து நிமிஷத்தில் படகு புல்லில் இருக்கும். சித்தப்பா விளிம்போ டாக்டர் அறையோ, இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டியதுதான். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன்.

"ஸ்பேனர் இருக்கா சித்தப்பா?"

"எதுக்கு?"

"இருந்தா குடுங்களேன்."

பையிலிருந்து எடுத்து எறிந்தார். எனக்கு உதவத்தான் எறிந்தார் என்று சொல்ல மாட்டேன். என்ன செய்கிறேன் பார்க்கலாம் என்று எறிந்தார்.

கடல் வற்றிக்கொண்டிருந்தது. படகு மணலில் தட்டும்வரை காத்திருந்து பாயை இறக்கினேன். பாய்மரத்தை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பியை அவிழ்த்து, மரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு பின்னால் நடந்து சாய்த்தேன். வலையின் கயிற்றை உருவினேன். அந்தப் படகில் நான் கை வைக்காத போல்ட் கிடையாது. மொத்தம் எட்டு. இரண்டு உப்பில் பிடித்துப்போய், ஸ்பேனரின் மேல் ஏறி நின்று திருப்ப வேண்டியிருந்தது. குழாயை உருவியதும் உள்ளே வருஷக்கணக்காகக் கிடந்த கறுப்புச் சேறும் செத்த நண்டும் கைமேல் கொட்டின. பாய்மரம் ஒரு நடை, குழாய்கள் ஒரு நடை. மிதவை ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது; கட்டிப்பிடித்து, பாசியில் குதிகாலை ஊன்றி, பத்து அடிக்கு ஒருமுறை இறக்கி வைத்து ஏற்றினேன். இரண்டாவது மிதவையோடு பாதியில் வழுக்கி முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். சித்தப்பா எப்போது போனார் என்று கவனிக்கவில்லை.

அறை ஜன்னலில் ஆவியைத் துடைத்துத் துடைத்து முகங்கள் பார்த்தன. வலையை எடுக்க நான் மறுபடி இறங்கும்போது டாக்டர் வெளியே வந்தார்.

"போதும்மா இந்தப் பிடிவாதம். பார்க்கவே கஷ்டமா இருக்கு. வா, எல்லாத்தையும் மறந்துடுவோம்." குலுக்குவதற்குக் கையை நீட்டினார்.

நானும் நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார்.

"சீ! என்னம்மா இது அசிங்கம்! முதல்ல போய்க் கையைக் கழுவு."

நான் கழுவவில்லை. வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தேன். போல்ட்டுகளை டப்பாவில் போட்டு மூடினேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நீளப்பிடி ஸ்பேனர் ஒன்றும், உப்புப் பிடித்த அந்த இரண்டு போல்ட்டுக்குக் கொஞ்சம் கிரீஸும் கொண்டுவந்தால் அடுத்த வாரம் ஒன்றரை மணியில் முடியும்.