ஏற்றிப் படித்த விலை

“கூறப்பட்டு தந்தவரே, கொப்பு பண்ணிப் போட்டவரே, கறவ மாட்ட ஓட்டி வந்து கட்டுத்தறி நெறச்சவரே…”

சோணையம்மாள் செத்துக் கிடந்த அண்ணன் வெள்ளைத்துரையின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் செய்த சீரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். டி. கல்லுப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். வந்ததிலிருந்து தொண்டை ஓயவில்லை. கல்யாணச் சீர், பிள்ளை பிறந்த சீர், புருஷன் செத்ததும் அண்ணன் போட்ட கோடி எல்லாம் முடிந்து, பாட்டு இந்த வருஷத்துக்கு வந்தது.

“பதினாலு ரூவாப் பங்க பன்னெண்டுக்குத் தந்தவரே, தரகுக் காசு கூடத் தங்கச்சிக்கு வைக்காதவரே…”

சுற்றி இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். இறந்தவரின் மகள் அன்னக்கொடி மட்டும் தலை குனிந்துகொண்டாள்.

பின்னால் இருவர் குசுகுசுத்தார்கள்.

“பங்குன்னா என்னக்கா?”

“மில்லுப் பங்குடி. இந்த மில்லுல இம்புட்டு உன்னுதுன்னு காயிதத்துல எழுதித் தருவாக.”

“எந்த மூலைன்னு காட்டுவாகளா?”

“போடி. எழவு வீட்டுல சிரிக்க வச்சுக்கிட்டு.”

வெள்ளைத்துரை சிம்மக்கல்லில் பருத்தி கமிஷன் மண்டி வைத்திருந்தவர். மண்டிக்கு வரும் மில் ஆட்களை வைத்தே எந்த மில்லின் பங்கை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வார். “மாடு புடிக்கிற மாதிரிதான் ஆத்தா. மொதலாளி விரல்ல மோதிரத்தப் பாக்கக் கூடாது. மில்லு என்ன பருத்தி திங்குதுன்னு பாக்கணும்” என்பார். தூசும் கொட்டையுமாகக் கிடக்கும் சரக்கை மலிவு என்று அள்ளிப் போகிற மில் பக்கமே போகமாட்டார். மரகதவல்லி மில்லின் ஆள் சுத்தமான பருத்தி தவிர வேறெதையும் தொடுவதில்லை. அதனால் அந்த மில்லின் பங்குகளை வாங்கிச் சேர்த்தார். உச்சத்துக்கு ஏறியதும் விற்றுவிடவும் அவருக்குத் தெரியும். ஒரு சர்க்கரை ஆலைப் பங்கை அப்படி விற்றுத்தான் இந்த வீட்டை வாங்கினார்.

சர்க்கரை வியாதி முதலில் கண்ணைக் கொண்டுபோயிற்று. பிறகு காலில் புண். மண்டியை மூடிவிட்டுக் கட்டிலோடு கிடந்தார். புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அன்னக்கொடி எட்டாவது வரை படித்தவள். சென்னையிலிருந்து ரயிலில் வரும் பேப்பரைக் காலையில் அவள்தான் படித்துச் சொல்லுவாள்.

“காந்தி இருக்கட்டும். மரகதவல்லி என்னாச்சு?”

ஆடி மாதம் அது இறங்க ஆரம்பித்தது. நூல் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். விலை இறங்கியதைப் படித்த அன்று அவர் கஞ்சியைத் தள்ளிவிட்டார். மறுநாளும் தள்ளினார். மூன்றாம் நாள் அன்னக்கொடி அரை ரூபாய் ஏற்றிப் படித்தாள்.

“அப்படிப் போடு! நான்தான் சொன்னேன்ல? கொண்டா கஞ்சிய.”

அவ்வளவுதான் செய்தாள். ஆனால் ஒரு நாள் ஏற்றிப் படித்ததை மறுநாள் எப்படி இறக்குவது? பேப்பரில் விலை இறங்க இறங்க, அவள் வாயில் ஏறிக்கொண்டே போனது. அப்பா சட்டை போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். “விக்கலாமாப்பா?” என்று இரண்டு தரம் கேட்டும் பார்த்தாள். “ஏறிக்கிட்டு இருக்கிறத எவனாச்சும் பாதியில எறக்குவானா? நிக்கட்டும்” என்றுவிட்டார்.

ஐப்பசியில் அத்தை வந்தாள். மகள் செல்லத்தாய் கல்யாணத்துக்காகக் கரிசல் நிலத்தை விற்ற பணம் மடியில் இருந்தது.

“தை வரைக்கும் எங்கிட்டாவது போட்டு வையிண்ணே. நாலு காசு கூடட்டும்.”

“வட்டிக்கு விட்டா வசூலுக்கு நீ அலையணும். எம் பங்குல நூறு எடுத்துக்க. வெளிய பதினாலு. உனக்குப் பன்னெண்டு.”

“எதுக்குண்ணே கொறச்சு?”

“தங்கச்சிகிட்ட லாபம் பாக்குறதுக்கா ஏவாரம் பண்ணேன்? நமக்குள்ள தரகரும் வேணாம். அன்னம், காயிதத்த எடு.”

அன்றைக்குப் பேப்பரில் ஏழு ரூபாய்.

“இப்ப வேணாம்ப்பா” என்றாள் அன்னக்கொடி. “எறங்குனாலும் எறங்கும்.”

“பாத்தியா தங்கச்சி? உனக்குக் குடுக்க எம் மகளுக்கு மனசு வரல.”

“எம் மருமவ அப்படிப்பட்டவ இல்லண்ணே” என்று அத்தை அவள் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை நாள் படித்ததெல்லாம் பொய் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தைக்குள் ஏறிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அப்பாவின் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தாள்.

அந்தப் பணம் ஊசிக்கும் டாக்டருக்கும் போனது. மிச்சம் அலமாரியில் இருந்தது. நேற்றுக் காலை கூட, “பதினாலே கால்ப்பா” என்றாள். “தங்கச்சிக்குச் சொல்லி விடு, அவசரப்பட வேணாம்னு” என்றார். சாயங்காலம் மூச்சு நின்றுவிட்டது.

பங்காளி பேயாண்டி கூட்டத்துக்குள் குனிந்து வந்து அன்னக்கொடியின் காதருகே கேட்டார்.

“ஏத்தா, கொட்டு ஒரு செட்டு போதுமா, ரெண்டு சொல்லவா? அண்ணன் பேருக்கு ரெண்டாச்சும் வேணும். பெறகு எவனும் கொறை சொல்லக் கூடாது.”

“ரெண்டே சொல்லுங்க சித்தப்பா.”

எழுந்துபோய் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். வேறு பணம் வீட்டில் இல்லை. தெருவில் கொட்டு தொடங்கியபோது ஒவ்வோர் அடியும் அத்தையின் கரிசலில் விழுவதுபோல் இருந்தது.

சோணையம்மாள் முகம் கழுவக் கொல்லைக்கு வந்தாள். அன்னக்கொடி தண்ணீர் இறைத்து ஊற்றினாள். அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“பங்குத் தரகு ஐயரு வாசல்ல நிக்கிறாராமே. போயிறாம நிக்கச் சொல்லிப் பேயாண்டிகிட்டச் சொல்லி விட்டேன். ஒரு எட்டு கேட்டுட்டு வாரேன்.”

“என்னத்த கேக்கப் போறீக?”

“பதினாலு இருக்கையிலயே வித்துத் தருவாரான்னுதான். மாப்ள வீட்டுல தையில முகூர்த்தம் வச்சுட்டாக. எழவன்னிக்கு என்ன ஏவாரம்னு நெனைக்காத. எங்கண்ணன் இருந்தா அவரே போயிக் கேளுன்னுதான் சொல்லுவாரு.”

நடந்துவிட்டாள். அன்னக்கொடி பின்னாலேயே போய் அவள் முந்தானையைப் பிடித்தாள். ஐயர் வாயால் விலை வந்தால் அத்தை என்ன நினைப்பாள்? கூடத்தில் இருக்கிற இத்தனை பேரும் என்ன நினைப்பார்கள்? தங்கச்சியை ஏமாற்றி இரட்டை விலைக்குத் தள்ளிவிட்டுச் செத்தான் வெள்ளைத்துரை என்பார்கள். இன்னும் தூக்கக்கூட இல்லை அவரை.

“அத்தை, வெளிய பதினாலு இல்ல.”

“பதிமூணா? அதுவும் லாபந்தான். விடு.”

“ஆறே கால்.”

சோணையம்மாள் திரும்பி நின்றாள்.

“நேத்து விழுந்துச்சா?”

“ஆடியிலயே விழ ஆரம்பிச்சிருச்சு. நீங்க பணம் குடுத்த அன்னிக்கு ஏழு.”

“ஏழா? எங்கண்ணன் எங்கிட்டப் பன்னெண்டு வாங்குனாரே.”

“அப்பாவுக்குத் தெரியாது. நான்தான் ஏத்தி ஏத்திப் படிச்சேன்.”

“எதுக்கு?”

“சாப்பிட மாட்டேன்னுட்டாரு அத்தை.”

கொட்டு ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கியது.

“எங்கண்ணனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

“நெசமாச் சொல்லு.”

“அப்பா மேல சத்தியமாத் தெரியாது. நேத்துக் காலையிலயும் பதினாலே கால்னுதான் படிச்சேன்.”

“எனக்கு எழுத்துத் தெரியாது. அவருக்குக் கண்ணு தெரியாது. நீ ஒருத்தி படிச்சவ இருக்கன்னுதான டி…” என்று ஆரம்பித்து அத்தை நிறுத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “ஐயருக்குத் தெரியுமா, எனக்குப் பன்னெண்டுக்குக் குடுத்தது?”

“தெரியாது. வீட்ட எழுதித் தாரேன் அத்தை. கல்யாணம் நிக்க வேணாம்.”

“எழுதித் தருவ. எதுக்கு எழுதித் தாரன்னு பேயாண்டி கேப்பான். நாலு பங்காளியும் கேப்பான். என்ன சொல்லுவ?”

அன்னக்கொடி பிடித்த முந்தானையை விடவில்லை.

“இம்புட்டு நேரம் என்னைய அழ விட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தியே” என்றாள் சோணையம்மாள். “பன்னெண்டு, பதினாலுன்னு ஊரு கேக்கப் பாடுனேனே. ஒரு தடவ என் வாயப் பொத்தியிருக்கக் கூடாது?”

முந்தானையை அன்னக்கொடியின் கையிலிருந்து உருவிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அன்னக்கொடி பின்னால் ஓடினாள். அத்தை இப்போது எதையும் சொல்லக்கூடும். சொன்னால் தப்பில்லை.

சிவசங்கர ஐயர் செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்குக் கீழே ஒதுங்கி நின்றிருந்தார்.

“பெரிய மனுஷர், அம்மா. என் கையால எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கேன். அவரை மாதிரி பார்த்து எடுக்கறவா கிடையாது” என்றார். “மரகதவல்லிலதான் ஏனோ சறுக்கிட்டார். ஆவணியில ஒன்பது ரூபாய்க்கு ஆள் வெச்சுண்டு இந்த வாசல்ல வந்து நின்னேன். அப்பா வேண்டாம்னுட்டார்னு இந்தக் குழந்தைதான் வந்து சொல்லித்து. அவருக்கா தெரியாமப் போகும்?”

சோணையம்மாள் மெதுவாகத் திரும்பி அன்னக்கொடியைப் பார்த்தாள். அன்றைக்கு ஐயரை உள்ளே விட்டிருந்தால் விலை அப்பா காதில் விழுந்திருக்கும். விழக்கூடாது என்றுதான் வாசலோடு அனுப்பினாள். ஒன்பதுக்கு விற்றிருப்பார். அத்தைக்குக் கொடுக்க அவரிடம் பங்கே இருந்திருக்காது.

“எங்கண்ணனுக்குத் தெரியும் சாமி” என்றாள் சோணையம்மாள். “என்னமோ நெனச்சு வச்சிருந்திருக்காரு.”

“உங்களுக்கு ஏதோ கேட்கணும்னு பேயாண்டி சொன்னானே?”

“ஒண்ணுமில்ல சாமி. இன்னிக்கு என்ன வெலப் பேச்சு? உள்ள வந்து அண்ணன் மொகத்தப் பாத்துட்டுப் போங்க.”

ஐயர் உள்ளே வந்து முகம் பார்த்துவிட்டுப் போனார். அத்தையும் மருமகளும் கூடத்தில் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். சோணையம்மாள் அழவில்லை. அண்ணனின் மூடிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் இருந்த காசு சரிந்திருந்தது. அதைச் சரியாக வைத்தாள். தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போகப் பாடைத் தேர் கட்டி முடித்தாயிற்று என்று யாரோ வந்து சொன்னார்கள்.

அப்போதுதான் கருமாத்தூர்ப் பெண்கள் கூட்டமாகக் குலவையைப் போல அழுகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வந்தவள் ஒச்சாயி. வெள்ளைத்துரைக்கு ஒன்றுவிட்ட அக்காள். சோணையம்மாளைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

“வாசல்லயே சொன்னாக டி. வெளிய பதினாலு விக்கிறத உனக்குக் கொறச்சுக் குடுத்தானாமே. இந்தக் காலத்துல எவன் தங்கச்சிக்கு இப்படிச் செய்வான்?”



“ஆமாக்கா” என்றாள் சோணையம்மாள். “செஞ்சாரு.”

ஒச்சாயி உட்கார இடம் தேடினாள். அன்னக்கொடியை ஒட்டி உட்கார்ந்திருந்த சோணையம்மாள் ஓரடி தள்ளி உட்கார்ந்தாள்.

“இங்கிட்டு உக்காருக்கா.”

ஒச்சாயி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து இரண்டு பேர் தோளிலும் போட்டுக்கொண்டு, குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.