வேரோடு நிற்கும் மரம்

அவிநாசிக்குத் தெற்கே அந்த ஓடைப் பள்ளம் பல வருசமாகக் காய்ந்து கிடந்தது. ஐப்பசியில் ஒரே மழையில் பெருகி, ஆட்டை அவிழ்க்கப் போன மாசாணத்தை ஆட்டோடு இழுத்துக்கொண்டு போனது. ஆடு கிடைத்தது. மாசாணம் கிடைக்கவில்லை.

பாலத்தை அடைத்துக் கிடந்த குப்பையை அள்ளப் பொக்லைன் வந்தபோது, கொடி காட்டும் கூலி வேலையை அவன் பெண்டாட்டி செவ்வந்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

இஞ்சினியர் ஹர்ஷிணி முதலிலேயே சொல்லிவிட்டாள். "வண்டி கரை மேலயே நிக்கணும். அடைச்சுக் கிடக்கறத மட்டும் அள்ளுங்க, அடி மண்ணைத் தோண்டக்கூடாது. வேரோட நிக்கற மரத்தைத் தொடவே கூடாது, கரை போயிரும். ஒவ்வொரு குவியலுக்கும் முன்னால இஞ்சினை நிறுத்திக் காது குடுங்க. உள்ள உசுரு ஏதாச்சும் இருக்கலாம்."

"எம் பொண்டாட்டி கூப்பிட்டாலே நான் காது குடுக்கறதில்லீங்க," என்றான் பொக்லைன் ஓட்டும் சாமுவேல்.

செவ்வந்தி காது கொடுத்தாள்.

மாசாணத்துக்கு ஒரு பழக்கம். வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று ஒருதரம் கனைப்பான். இஞ்சின் நின்ற அமைதியில், கரையோரம் சாய்ந்து நின்ற மருதமரத்தின் வேருக்குள்ளிருந்து அந்தக் கனைப்பு வந்தது. மறுநாளும் வந்தது.

"உனக்குக் கேக்குதா, சாமுவேலு?"

"தண்ணி சலசலக்குதுங்க்கா."

குப்பை குறையக் குறைய வேரிடுக்கில் ஒரு துணி தெரிந்தது. கட்டம் போட்ட துண்டு. அவள் துவைத்துக் காயப்போட்ட துண்டு. தீயணைப்புக்காரர்கள் வந்து கம்பு விட்டுத் துழாவினார்கள். மரத்தை எடுக்காமல் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாமுவேல் அப்புறம் கேலி பேசவில்லை. இஞ்சினியர் அடுத்த பாலத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வண்டியிலிருந்து எட்டிச் சொன்னான்.

"அக்கா, பச்சைக் கொடியை ஆட்டுங்க. ஒரே இழுப்புத்தான். அண்ணனை எடுத்து அடக்கம் பண்ணிப்போடலாம். கேட்டா, தானா சாஞ்சதுன்னு நான் சொல்லிக்கறேன்."

பக்கெட்டின் பல் மரத்தைத் தொட்டபடி நின்றது. செவ்வந்தி பச்சைக் கொடியைப் பாதி தூக்கிவிட்டாள். அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் பார்த்தாள். கரையை ஒட்டி வள்ளியாத்தாள் வீடு. அதற்கடுத்து செவ்வந்தியின் வீடு. வள்ளியாத்தாளின் பேத்தி வாசலில் உட்கார்ந்து ஈரப் புத்தகங்களை ஒவ்வொன்றாக விரித்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். மானத்தில் இன்னும் கருமேகம் இருந்தது.

சிவப்புக் கொடி மேலே போனது.

சாமுவேல் இஞ்சினை நிறுத்தினான். இருவரும் காத்திருந்தார்கள். தண்ணீர் மட்டும் சலசலத்தது. கனைப்பு வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

பொழுது சாயும் நேரம் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ ஒருதரம் கனைத்தார்கள்.

அவள் திரும்பவில்லை.

"காலைக் கழுவிட்டு வாங்க," என்றாள்.